ஆடுவோரும் ஆட்டுவிப்போரும்

சீட்டாட்டப் போட்டி ஒன்றை நம்மவர் நடத்தலாமா? பணயம் வையாமல், அறிவுப் பயிற்சியாக மட்டும் நடத்தினால் அதில் குற்றம் உண்டா? வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்து தொழில் நிமித்தம் கோவைக்கும் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் இக்கேள்வி அவ்வப்போது எழுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை கூடும் குடும்பச் சந்திப்பில் இளைஞர்க்கு இறகுப்பந்தும், சிறுவர்க்கு ஓவியப் போட்டியும், பெண்டிர்க்குக் கோலமும் இருக்க, முழங்கால் வலியுடன் நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெரியவர்க்கு என்ன வைத்திருக்கிறோம் என்று கேட்பவர் உண்டு. பிரிட்ஜ் ஆட்டம் வைக்கலாமே என்பர் ஒரு சாரார். சீட்டுக்கட்டு நம் கூட்டத்தின் வாயிற்படியை மிதிக்கலாகாது என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் நன்மையை நாடியே பேசுகின்றனர். ஆதலின் யார் பக்கம் ஆட்கள் அதிகம் என்று எண்ணிப் பாராமல், பொருளையே எடுத்துச் சிந்திப்பது தகும்.

பெரியோர் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. இல்லறத்தார் விலக்க வேண்டிய சப்த வியசனங்களை எண்ணத் தொடங்கினால் முதலில் வந்து நிற்பது சூது. புலாலும் வேட்டையும் நேரே உயிர்க்கொலையாயிற்றே, அவையன்றோ முன்னே நிற்க வேண்டும் என்று ஐயுறுவோர் உண்டு. சூதில் தோற்றவன் தோற்றதை மீட்கக் களவுக்குப் போகிறான். வென்றவன் வென்றதைக் கொண்டாடக் கள்ளுக்குப் போகிறான். ஏனைய ஆறும் நுழையும் வாயில் அது என்பதனாலேயே அதனை முதலில் வைத்தனர் எனக் கொள்வது பொருந்தும். திருக்குறளிலும் கள்ளுண்ணாமையை அடுத்து 94ஆம் அதிகாரமாகச் சூது நிற்கிறது. அதனை அடுத்து வருவது மருந்து என்பதையும் அன்பர்கள் கவனித்திருக்கலாம்.

கொங்கு நாட்டில் இந்த அச்சத்துக்குக் கூடுதல் நியாயம் உண்டு. தோட்டத்துச் சாளையில் பணம் வைத்துச் சீட்டாடியவர்கள் பிடிபட்டனர் என்னும் செய்தி நம் பக்கத்து நாளிதழ்களுக்குப் புதிதன்று. அரவக்குறிச்சியை அடுத்த பூலாம்வலசில் பொங்கலையொட்டி நடந்துவந்த சேவற்கட்டில் பந்தயத்தோடு இம்சையும் சேர்ந்து நின்றதை யாவரும் அறிவர். (சீட்டு என்றதும் நம்மூர்க்காரர் பலருக்கு ஏலச்சீட்டுத்தான் முதலில் நினைவுக்கு வரும். அது வேறு கதை; அதனை இன்னொரு நாள் பேசலாம்.)

பழனியை அடுத்து ஐவர்மலை என்றொரு குன்று இருக்கிறது. அதன் பாறை முகப்பில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. வரகுண பாண்டியன் காலத்தில், கி.பி. 870இல், சாந்திவீரக் குரவர் என்னும் துறவியார் அங்கிருந்த பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. இத்தகைய நம் திருமலைக்கு ஊர் மக்கள் வழங்கும் பெயர்க்காரணமோ வேறு. பஞ்சபாண்டவர் ஐவரும் வனவாச காலத்தில் இங்கே தங்கினர் என்பர். ஐவரை வனத்துக்கு அனுப்பியது எது? சூது. அருகன் உருவம் பொறித்த மலை, சூதில் தோற்றவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சூதின் கேட்டுக்கு எடுத்துக்காட்டாக நம் ஆசாரியர்களும் தருமபுத்திரனையே சுட்டுவர். அந்தத் தருமபுத்திரனே பின்னர்த் துறவு பூண்டு சத்ருஞ்சயத்தில் வீடுபேறு எய்தினான் என்று நம் புராணங்கள் கூறுவதையும் உடன் நினைக்க வேண்டும்.

அந்த ஆட்டத்தை இன்னும் சற்று உற்று நோக்குவோம். தருமனுக்கு எதிரே அமர்ந்த சகுனி, காய்கள் எப்படி விழுமோ என்று தெய்வத்தை நம்பி உட்கார்ந்தவன் அல்லன். அவன் வல்லவன். தருமனோ ஆடத் தெரியாதவன். அங்கே நடந்தது தற்செயலுக்கும் மனிதனுக்கும் இடையிலான ஆட்டமன்று. திறமை உடையவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையிலான ஆட்டம். இதனை மனத்தில் வைத்துக்கொண்டு நம் நாட்டுச் சட்டம் சீட்டாட்டத்தை எவ்வாறு பார்த்தது என்று காண்போம்.

சிக்கந்தராபாத்தில் கிரசென்ட் ரிக்ரியேஷன் கிளப் என்றொரு மனமகிழ் மன்றம் இருந்தது. அங்குப் பணம் வைத்து ரம்மி ஆடியதாக வழக்குத் தொடரப்பட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்கவும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று தீர்மானிக்கவும் திறமை வேண்டும். ஆகையால் அது பெரும்பாலும் திறமை ஆட்டமே. மூன்று சீட்டு ஆட்டத்தைப் போல முழுதும் தற்செயலை நம்பியது அன்று என்று 1967 நவம்பரில் நீதிமன்றம் கூறியது. பிரிட்ஜ் ஆட்டத்தையும் அத்தீர்ப்பு திறமையின் பக்கமே வைத்தது. நம் மாநிலத்தில் வழங்கும் 1930ஆம் ஆண்டுச் சட்டமும் வெறும் திறமையால் ஆடப்படும் ஆட்டங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. எனினும் அந்த 1967 தீர்ப்பிலேயே மற்றொரு குறிப்பும் உண்டு. சீட்டுக்கும் மேசை நாற்காலிக்கும் மன்றம் கட்டணம் பெறுவது தவறாகாது. ஆனால் பணயம் வைத்து ஆடும் ஆட்டத்தால் மன்றமோ மன்றத்து உரிமையாளரோ ஆதாயம் பெற்றால் அது குற்றமாகக்கூடும் என்பதே அது. ஆடுகிறவனை ஒரு கண்ணாலும் ஆட்டுவிக்கிறவனை மறு கண்ணாலும் சட்டம் பார்த்தது என்று சொல்லலாம்.

திறமை என்ற இந்த ஒற்றைச் சொல்லைப் பற்றிக்கொண்டுதான் பின்னாளில் இணைய வழி ரம்மி வளர்ந்தது. பணத்தை இழந்தோர் உயிரையும் மாய்த்துக்கொண்ட செய்திகள் தொடர்ந்து வரவே, 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதனை அடுத்து வந்த திருத்தச் சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. மீண்டும் ஒரு சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று கூறி அவ்வளவில் அச்சட்டத்தின் தடையை அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் நீக்கியது. முடிவில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமை, தற்செயல் என்று பிரித்துப் பாராமல் நாடு முழுமைக்கும் விலக்கியது.

அறத்தின் கண்ணுக்கு அந்தப் பிரிவினை தொடக்கத்திலேயே அவ்வளவு முக்கியமாகத் தோன்றியிருக்க இயலாது. நாணயம் சுண்டி ஒருவன் மற்றொருவனிடம் பத்து ரூபாய் வென்றால் அடுத்த முறை அவனே தோற்கவும் கூடும். வல்லவன் ஒருவன் வல்லமை இல்லாதவனிடம் ஆடும்போதோ பணம் ஒரே திசையில்தான் ஓடும். ஆட்டத்தில் திறமை கூடக் கூட, எளியவன் இழப்பது உறுதியாகிக்கொண்டே போகிறது. பணயம் உள்ள இடத்தில் திறமை குற்றத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது என்பதே நமது துணிபு. சகுனியின் குற்றம் அவன் திறமையால் மன்னிக்கப்பட்டதாக எவரும் சொல்லக் கேட்டதில்லை.

ஆகவே முதற் கேள்வி, பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது. இருபத்தெட்டுப் பேர் கூடுகின்றனர். நுழைவுக் கட்டணம் தலைக்கு 200 ரூபாய் என வைத்துக்கொள்வோம். 5,600 ரூபாய் சேரும். அது உணவுக்கும் கூடத்துக்கும் செலவாகி, வென்றவர்க்கு ஒரு நூலும் தோற்றவர்க்கு ஒரு வாழ்த்தும் கிடைத்தால் அது கூட்டு உணவுக்குக் கொடுத்த பங்கு. அன்பர் ஒருவர் கூடத்தை இலவசமாகக் கொடுத்தார், மற்றொருவர் உணவளித்தார், சேர்ந்த 5,600 ரூபாயும் முதல் இரண்டு ஜோடிகளுக்குப் பரிசாயிற்று என்றால், இருபத்து நான்கு பேரின் பணம் நான்கு பேர் கைக்குப் போயிற்று. மேடை, மாலை, கைத்தட்டல் எல்லாம் இருந்தும் அது சூதே. பரிசு என்ற பெயர் அதனை மாற்றிவிடாது. பல நகரங்களில் நற்பணிக்கு நிதி திரட்டவென்று நடத்தப்படும் சீட்டுப் போட்டிகளையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டியிருக்கிறது. ஆலயத் திருப்பணிக்கென்றே ஆனாலும், தோற்றவன் மனக்கசப்போடு விட்டுச் சென்ற பணம் தானம் ஆகாது. தானம் மகிழ்ந்து கொடுக்கப்படுவது.

பணத்தை விலக்கிவிட்டோம் என்று கொள்வோம். எஞ்சுவது ஆட்டம். பிரிட்ஜ் போட்டி நடக்கும் முறையை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குவது நலம். ஏனெனில் அம்முறைக்குள்ளேயே சிந்திக்கத் தக்க செய்தி ஒன்று இருக்கிறது.

52 சீட்டுகளை நால்வருக்கு 13 வீதம் பங்கிட்டால், ஒருவர் கையில் அமையக்கூடிய சேர்க்கைகள் 63,501 கோடிக்கும் மேல். வீட்டுத் திண்ணையில் ஆடும்போது நல்ல சீட்டு வந்தவர் வெல்கிறார். அவர் ஆடியதனால் வென்றாரா, வந்ததனால் வென்றாரா என்று யாரும் சொல்ல இயலாது. இக்குறையைத் தீர்க்க ஆங்கிலேயர் 1857இல் ஒரு சோதனை செய்தனர். ஒரு மேசையில் ஆடிய அதே சீட்டுகளை வேறொரு மேசையில் வேறு நால்வரிடம் கொடுத்து ஆடச் செய்தனர். விஸ்ட் ஆட்டத்தில் தொடங்கிய அம்முறையே இன்று பிரிட்ஜ் போட்டிகளில் நிலைத்திருக்கிறது. நான்கு பைகள் கொண்ட சிறு பலகை ஒன்றில் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நால்வரின் சீட்டுகளும் தனித்தனியே வைக்கப்படும். ஆடும்போது சீட்டுகளை மேசை நடுவில் கலந்து போடாமல் அவரவர் முன்னேயே வைத்துக்கொண்டு, முடிந்ததும் அவரவர் பையிலேயே திரும்ப இடுவர். ஏழு மேசைகள் இருந்தால் வடக்கு-தெற்கு ஜோடிகள் இருந்த இடத்திலேயே இருப்பர். கிழக்கு-மேற்கு ஜோடிகள் ஒவ்வொரு சுற்றுக்கும் அடுத்த மேசைக்கு ஏறுவர். பலகைகள் எதிர்த்திசையில் ஒரு மேசை இறங்கும். சுற்றுக்கு மூன்று பலகை வீதம் ஏழு சுற்று முடிந்தால் எல்லா ஜோடிகளும் இருபத்தொரு பலகைகளையும் ஆடி முடித்திருப்பர். பலகைக்கு ஏழு எட்டு நிமிடமாகக் கணக்கிட்டால் மூன்று மணிக்குள் முடியும்.

மதிப்பெண் போடும் விதம் இன்னும் நுட்பமானது. என் எதிரே அமர்ந்தவரை நான் எவ்வளவு வென்றேன் என்பது அங்குக் கணக்கில்லை. இதே சீட்டுகளை இதே திசையில் கையில் வாங்கிய மற்ற ஆறு ஜோடிகளைவிட நாங்கள் நன்றாக ஆடினோமா என்பதே கணக்கு. மோசமான சீட்டு வந்து எதிரியிடம் தோற்றாலும், அதே சீட்டோடு மற்றவர்கள் இன்னும் அதிகமாகத் தோற்றிருந்தால் முழு மதிப்பெண்ணும் நமக்கே. வந்தது முன்வினை, ஆடியது முயற்சி என்று இதைப் பார்த்துச் சொல்ல நாக்குத் துடிக்கிறது. ஆனால் உவமையை அளவுக்கு மேல் இழுக்க வேண்டாம். கருமத்தைப் பங்கிடுவதற்கு நடுவர் எவரும் இல்லை என்பது நம் சித்தாந்தம். இம்முறையில் எவரும் அதிர்ஷ்டத்துக்காகப் பாராட்டப்படுவதும் இல்லை, இகழப்படுவதும் இல்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம்.

இந்த ஆட்டத்துக்கு முதுமை தடையன்று என்பதும் உண்மை. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, ஆடவர் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்த பிரணாப் பர்தனுக்கு வயது 60, அவர் துணைவர் சிப்நாத் சர்க்காருக்கு 56. நாற்காலியில் அமர்ந்திருக்கும் நம் பெரியவர்களுக்காகக் கேட்போர் பக்கம் இந்த நியாயம் நிற்கிறது.

இனி நடத்துவோரைப் பற்றி. நான் ஆடவில்லையே, ஏற்பாடுதானே செய்தேன் என்பது நம்மிடையே எளிதாக வரும் பேச்சு. தத்துவார்த்த சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தில் உமாசுவாமி இந்தப் பேச்சுக்கு இடமே வைக்கவில்லை. வினை வந்து சேரும் வழிகளைக் கணக்கிடும்போது, ஒன்றைச் செய்யத் துணிவது சம்ரம்பம், அதற்குக் கருவிகளைச் சேர்ப்பது சமாரம்பம், செய்யத் தொடங்குவது ஆரம்பம் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் என மூன்று. குரோதம், மானம், மாயை, லோபம் என நான்கு கஷாயங்கள். பெருக்கினால் 108. நாம் உருட்டும் ஜபமாலையின் மணிகள் இத்தனை என்பதற்கு இக்கணக்கையே காரணமாகக் கூறுவர். போட்டி நடத்துபவர் இந்தப் பெருக்கலில் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால், ஆடுபவரைவிட அதிக இடங்களில் நிற்கிறார். முதலில் துணிந்தவர் அவர். மேசையும் சீட்டும் பலகையும் சேர்த்தவர் அவர். மணியடித்துத் தொடங்கி வைத்தவர் அவர். இருபத்தெட்டுப் பேரைச் செய்வித்தவரும் அவரே. ஆடுபவர் தம் மனத்துக்கு மட்டும் காவல். நடத்துபவர் தாம் அமைக்கும் விதிகளால் இருபத்தெட்டு மனங்களில் எந்தக் கஷாயத்தைக் கிளறுகிறார், எதனை அடக்குகிறார் என்பதற்குப் பொறுப்பாளி.

உலகப் போட்டி நடத்துவோரும் இதனைத் தம் வழியில் உணர்ந்திருக்கின்றனர். ஜோடியினர் ஒருவர்க்கொருவர் முகக்குறி காட்டாதிருக்க 1975இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் மேசைக்குக் குறுக்கே திரை நிறுத்தினர். திரை மேலே இருக்க, மேசைக்கு அடியில் காலால் குறி காட்டியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. பிறகு அடியிலும் தடுப்பு வைத்தனர். மாயைக்கு வழி அடைக்க அடைக்க அது வேறு வழி தேடும். நம் குடும்பக் கூட்டத்தில் திரை வேண்டியதில்லை. பொய்க்குறி காட்டி வெல்லத் தக்க பெரும் பரிசு ஏதும் இல்லாமல் செய்வதே நாம் கட்டும் திரை.

ஆனால் பணமும் மாயையும் போன பின்பும் ஒரு முள் எஞ்சி நிற்கிறது. பெரியோர் தரப்பின் வலுவான வாதம் இதுவே. அநர்த்த தண்டங்கள் ஐந்தில் அபத்தியானம் ஒன்று. சமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில் விலக்கிய இதனைத் தமிழில் அருங்கலச் செப்பும் கூறுகிறது. பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தியில் அபத்தியானத்தை விளக்குமிடத்து, பிறருக்கு வெற்றி தோல்வி எவ்வாறு நேரும் என்று மனத்தால் எண்ணிக்கொண்டிருப்பதைக் கொலை, கட்டு ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கிறார். அவர் தோற்க வேண்டும் என்னும் எண்ணம் இல்லாத போட்டி ஏது? இவ்வாதத்துக்கு நேரான மறுமொழி நம்மிடம் இல்லை. ஒன்று மட்டும் கூறலாம். இந்த அம்பு சீட்டின்மேல் மட்டும் பாய்வதன்று. நாம் மறுப்பின்றி நடத்தும் இறகுப்பந்தின்மேலும், ஆறு வயதுக் குழந்தைகளின் ஓவியப் போட்டியின்மேலும் பாய்கிறது. குழந்தை வரைந்த மயிலைப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மயிலோடு ஒப்பிட்டுத் தாயின் முகம் வாடுவதை நாம் கண்டதில்லையா? சீட்டுக்கு மட்டும் இதனைச் சொல்லி ஏனையவற்றை விட்டுவிடுவோர், தாம் எதை வெறுக்கிறோம் என்று உள்ளே தேடிப் பார்ப்பது நல்லது. வெறுப்பது தோல்வியை விரும்பும் மனத்தையா, சீட்டின் அச்சிட்ட படத்தையா?

பலகை முறையில் இந்த எண்ணத்துக்குப் பற்றுக்கோடு சிறிது குறைகிறது என்பதும் உண்மை. போட்டியாளர் யார் எந்த மேசையில் எப்படி ஆடுகின்றனர் என்பது ஆடும்போது தெரியாது. எவர் தோல்வியை விரும்புவது என்பதே தெளிவாவதில்லை. மனம் சீட்டின்மேல் நிற்கும். ஆட்டம் முடிந்து தரவரிசையைச் சுவரில் ஒட்டும்போதுதான் மானம் தலையெடுக்கிறது. அந்தக் காகிதத்தை ஒட்டாமலேயே விடலாம் என்பது நம் கருத்து. ஒவ்வொரு ஜோடிக்கும் அவர்களது தாளை மட்டும் கொடுத்து, இருபத்தொரு பலகைகளில் சுவையான நான்கைந்தை மட்டும் நடுவர் எடுத்துக்கொண்டு, இதனை இப்படி ஆடியிருந்தால் இன்னொரு பிடி கிடைத்திருக்கும் என்று எல்லோரும் கேட்க விளக்கினால் போதும். அறிவுப் பயிற்சிக்காகவே வந்தோம் என்பவர்க்கு அதில் குறை இராது. குறை இருப்பதாகத் தோன்றுபவர், எதற்காக வந்தோம் என்பதை அப்போது அறிந்துகொள்வர்.

நடத்தத் துணிவோர் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. பயன்படுத்திய சீட்டுக்கட்டுகளை எண்ணி வாங்கி ஒரே பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். எவர் வீட்டுக்கும் கொடுத்தனுப்பலாகாது. கருவி கையில் இருந்தால் காரியம் தேடி வரும் என்ற பெரியோர் அச்சம் இவ்விடத்தில் முற்றும் சரியானது. விசயமங்கலம் சந்திரப்பிரபர் ஆலயத்துக்குச் சென்று வணங்கும் நாளை இதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஐப்பசி அமாவாசையை அறவே விலக்க வேண்டும். தீபாவளி இரவில் சீட்டாடினால் செல்வம் பெருகும் என்னும் வழக்கம் வடநாட்டு வணிகர் சிலரிடையே உண்டு. பகவான் மகாவீரர் பாவாபுரியில் நிர்வாணம் எய்திய இரவு அது என்பதை நம் இளைஞர் அறியாமல் அவ்வழக்கத்தை இரவல் வாங்கிவிடக் கூடும்.

நேரம் குறித்தும் ஒரு சொல். சாமாயிகத்துக்கு 48 நிமிடம் உட்கார இயலவில்லை என்போர் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்வதைக் கண்டு எவரும் கேலி செய்ய வேண்டியதில்லை. கூட்டத்தைக் காலையில் சாமாயிகத்தோடு தொடங்கினால் உட்காரும் பழக்கம் இரண்டுக்கும் பயன்படும். பகலுணவு முடிந்து ஒன்றரை மணிக்கு முதற் பலகையைத் திறந்தால் நான்கரைக்குள் எல்லாம் அடங்கும். நடுவர் மெதுவானவராக இருந்து சுற்றுகள் நீண்டாலும் ஐந்து மணிக்கு மணியடித்து ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். எஞ்சிய பலகைகளை ஆடாமலே மூடலாம். கார்த்திகை, மார்கழியில் கோவையில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அதற்குள் வடிகட்டிய நீரும் சிற்றுண்டியும் பரிமாறி முடித்துப் பாத்திரம் கழுவ வேண்டியவர்களும் இருக்கின்றனர். அவர்கள் சீட்டாடுபவர்கள் அல்லர்.